முதல்ல யாரைத் தோத்தாரு? பாஞ்சாலி கேட்ட அந்த ஒத்தைக் கேள்வி

திரௌபதின்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற காட்சி அனேகமா ஒண்ணுதான். துச்சாதனன் புடவையைப் பிடிச்சு இழுக்கறான், அது வந்துக்கிட்டே இருக்கு, அவ ரெண்டு கையையும் மேல தூக்கிக் கண்ணனைக் கூப்பிடறா. காலண்டர்ல இருந்து டிவி சீரியல் வரைக்கும் இதையே காட்டிக் காட்டி, அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி அவ கேட்ட ஒரு கேள்வி அப்படியே மறைஞ்சு போச்சு. மகாபாரதத்துல அந்தச் சபையையே முட்டுச்சந்துல நிறுத்தினது அந்தக் கேள்விதான். அது என்ன கேள்வி, அதுல அப்படி என்ன சிக்கல், பீஷ்மர் மாதிரி ஒருத்தரே ஏன் மென்னு முழுங்கினாருன்னு, கதையே சரியா தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன்.

(தருமர், பீஷ்மர், விதுரர்னு எல்லாருக்கும் 'ர்' போடற நாம பாஞ்சாலியை மட்டும் 'அவ'ன்னுதான் சொல்றோம், கவனிச்சிருக்கீங்களா? பழக்கதோஷம், நானும் அப்படித்தான் எழுதப்போறேன், மன்னிச்சுக்கோங்க.)

முதல்ல ஆட்டத்தைப் பத்திக் கொஞ்சம். இது வர்றது மகாபாரதத்தோட ரெண்டாவது பகுதியான சபா பர்வத்துல. இந்திரப்பிரஸ்தத்துல, பாஞ்சாலியைக் கட்டின பாண்டவங்க அஞ்சு பேருல மூத்தவரான தருமர் ராஜசூய யாகம் பண்ணி பெரிய ராஜாவா ஆயிட்டாரு, பெரியப்பா மகன் துரியோதனனுக்கு வயிறு எரியுது, அஸ்தினாபுரத்துல ஒரு மண்டபம் கட்டி சூதாட வாங்கன்னு கூப்பிடறாங்க. பந்தயம் வைக்கறது துரியோதனன், ஆனா காயை உருட்டறது மாமா சகுனி. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ஆடறது சரியாப் படலையேன்னு தருமர் அப்பவே சொல்றாரு, சொல்லிட்டு உக்காந்தும் ஆடறாரு, அதுதான் அவரு. முத்து, தங்கம், தேர், பணிப்பெண்கள், யானை, குதிரை, கஜானா, நாடுன்னு வரிசையா போகுது. அப்புறம் நகுலன், சகாதேவன். இங்க சகுனி ஒரு ஊசி ஏத்தறான், மாத்ரி பெத்த பசங்களை வச்சுட்டே, பீமனும் அர்ஜுனனும் மட்டும் உனக்கு ஒசத்தி போலன்னு. உடனே அர்ஜுனனும் பீமனும் போறாங்க. கடைசியா தருமர் தன்னையே வச்சு அதையும் தோக்கறாரு.

இந்த இடத்தை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா கேள்வியே இங்கதான் இருக்கு. தருமர் தன்னைத் தோத்தாச்சு, அதாவது இப்ப அவரு துரியோதனனோட அடிமை. ஆட்டம் முடிஞ்சுதுல்ல? முடியல. சகுனி சொல்றான், இன்னும் தோக்காத பந்தயம் ஒண்ணு உங்கிட்ட இருக்கு, பாஞ்சாலி, அவளை வச்சு உன்னை மீட்டுக்கோன்னு. தருமரும் அவ குட்டையும் இல்ல நெட்டையும் இல்ல, கண்ணு தாமரை மாதிரி, எல்லாருக்கும் கடைசியா தூங்கி முதல்ல எந்திரிக்கறவன்னு, சந்தையில பொருளைக் காட்டற மாதிரி வர்ணிச்சுட்டு வைக்கறாரு. சபையில இருந்த பெரியவங்க சீச்சீங்கறாங்க. சித்தப்பா விதுரர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறாரு. துரியோதனனோட அப்பா, கண்ணு தெரியாத திருதராஷ்டிரர் மட்டும் "ஜெயிச்சாச்சா, ஜெயிச்சாச்சா"ன்னு ஆசையா கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்த ஒரு வரிக்காகவே வியாசருக்கு ஒரு கும்பிடு போடலாம், மனுஷனோட மொத்த லட்சணமும் அதுல வந்துடுது.

ஜெயிச்சதும் துரியோதனன் விதுரரைப் பாத்து, போய் அவளைக் கூட்டிட்டு வா, வீடு பெருக்கட்டும்ங்கறான். விதுரர் முடியாதுங்கறாரு. இன்னொண்ணும் சொல்றாரு, தன்மேலயே உரிமை இல்லாதப்ப இவன் வச்ச பந்தயம் இது, அதனால அவ அடிமையே ஆகலன்னு. ஆக மொத்தம் பாஞ்சாலி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே விதுரர் அந்தப் பாயிண்டைத் தொட்டுட்டாரு. யாரும் காதுல வாங்கல. துரியோதனன் ஒரு தேர்ப்பாகனை அனுப்பறான்.

அந்த ஆளு வந்து, அம்மா, தருமர் உங்களைத் தோத்துட்டாரு, வாங்கன்னு சொல்றான். நீங்களோ நானோ அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க, ஒண்ணு அழுதிருப்போம், இல்ல கத்தியிருப்போம். அவ விசாரிக்கறா. எந்த ராஜகுமாரன் பொண்டாட்டியை வச்சு ஆடுவான், வேற பந்தயமே இல்லையாங்கறா. அவன் வரிசையை ஒப்பிக்கறான், முதல்ல தம்பிகள், அப்புறம் தன்னையே, அப்புறம் நீங்கன்னு. உடனே அவ பிடிச்சுக்கறா. போ, சபையில போய் அந்தச் சூதாடியைக் கேளு, நீ முதல்ல தோத்தது உன்னையா என்னையா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா, அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போ.

ராஜான்னு சொல்லல, என் புருஷன்னு சொல்லல. சம்ஸ்கிருத மூலத்துல 'கிதவன்'னு இருக்கு, அப்பட்டமா சூதாடின்னு அர்த்தம். ஆளு அனுப்பிக் கூப்பிட்டவங்களுக்கு ஆளு அனுப்பியே கேள்வி போயிடுச்சு. இதுக்குப் பதில் சொல்லாம அவளை நகத்த முடியாது, நகத்தினா அது பலாத்காரம், சட்டம் இல்ல.

இப்ப கேள்விக்குள்ள போவோம். வெளியில பாத்தா ஏதோ வரிசை கேக்கற மாதிரி இருக்கு, முதல்ல இதா அதான்னு. உள்ள இருக்கறது உரிமைப் பிரச்சனை. ஒரு பொருளைப் பந்தயம் வைக்கணும்னா அது உன்னோடதா இருக்கணும். அந்தக் காலத்துக் கணக்குல அடிமைக்குன்னு சொத்து கிடையாது, அவன்கிட்ட எது இருந்தாலும் அது எசமானோடது. தன்னைத் தோத்த நிமிஷத்துலயே தருமர் அடிமை. அடிமைகிட்ட எது இருக்கு பந்தயம் வைக்க? சொத்து மொத்தமும் ஜப்தி ஆனதுக்கப்புறம் ஒருத்தர் அதே வீட்டைக் கிரயம் பண்ணிக் குடுத்தா அந்தப் பத்திரம் செல்லுமா, அந்த மாதிரி. செல்லாதுன்னா அவ தோக்கப்படவே இல்ல, அவ இன்னும் ராணிதான்.

சிம்பிளா இருக்குல்ல? அப்புறம் ஏன் பீஷ்மர் முழிச்சாருன்னா, இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு வாதம் இருந்துச்சு. பொண்டாட்டி புருஷனுக்குக் கட்டுப்பட்டவங்கறது அன்னிக்கு நிலவின விதி. அது சொத்துரிமை மாதிரி இல்ல, புருஷன் ராஜாவா இருந்தாலும் சரி அடிமையா இருந்தாலும் சரி, புருஷன் புருஷன்தான். அப்ப தன்னைத் தோத்ததுக்கு அப்புறமும் அவ மேல அவருக்கு இருக்கற பாத்தியதை போகலன்னு வாதாடலாம். போகலன்னா பந்தயம் செல்லும். அதாவது அவ கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லணும்னா, மனைவிங்கறவ சொத்தா இல்லையாங்கறதை அந்தச் சபை வாயைத் திறந்து சொல்லியாகணும். சொத்துன்னா, சொத்து இல்லாத அடிமை அவளை எப்படி வச்சாரு? சொத்து இல்லன்னா, ராஜாவாவே இருந்திருந்தாலும் அவளை வைக்க அவரு யாரு? ரெண்டுல எதைச் சொன்னாலும் உள்ளதுக்கு மோசம். என்னைக் கேட்டா அவளோட கெட்டிக்காரத்தனம் இங்கதான் இருக்கு. ஆனா அவ அந்த ரெண்டாவது பாதியை வாய்விட்டுக் கேக்கல, வரிசையை மட்டும்தான் கேட்டா. மீதி நான் படிச்சுக்கிட்டது, அதையும் சொல்லிடறேன்.

சகுனி பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு. "அவளை வச்சு உன்னை மீட்டுக்கோ"ன்னு சொன்னது அவன்தானே? தருமர் நிஜமாவே அடிமைன்னா அவருகிட்ட இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருக்குன்னு அவன் எப்படிச் சொன்னான்? அவன் வாயாலயே, இவரு இன்னும் ஏதோ ஒண்ணுக்குச் சொந்தக்காரருன்னு ஒத்துக்கிட்டான். இந்தச் சூதுக்குள்ள சூது கொஞ்ச நேரம் யோசிச்சாத்தான் பிடிபடும், எனக்கே ரெண்டு மூணு தடவை படிச்சப்பதான் உறைச்சுது.

தேர்ப்பாகன் சபைக்கு வந்து கேள்வியைக் கேக்கறான். அவன் அதை இன்னும் கூர்மையாக்கி, எங்களைத் தோத்தப்ப நீ யாருக்கு எசமானா இருந்தேன்னு திரௌபதி கேக்கறாங்கன்னு சொல்றான். தருமரு உயிர் போன மாதிரி உக்காந்திருக்காரு, நல்லதும் சொல்லல கெட்டதும் சொல்லல. துரியோதனன், அவளே இங்க வந்து கேக்கட்டும்ங்கறான். பாகன் தயங்கறான், துச்சாதனன் போறான். அவ அப்ப தீட்டுல இருக்கா, ஒத்தைத் துணியோட. திருதராஷ்டிரரோட அந்தப்புரப் பெண்கள் இருக்கற பக்கமா ஓடறா, அவன் துரத்திப் போய்த் தலைமுடியைப் பிடிச்சுக்கறான். ராஜசூய யாகம் முடிஞ்சு மந்திர தண்ணி தெளிச்ச முடி அதுன்னு மூலத்துல அங்கயே சொல்லுது.

அப்படி இழுத்துட்டு வந்து நிறுத்தினப்புறமும் அவ கேள்வியை விடல, பாருங்க. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வர்றா, பதில் சொல்லுங்க, நான் ஜெயிக்கப்பட்டவளா இல்லையா. நடுவுல ஒரு இடம் இருக்கு, படிச்சா சிரிப்பும் வரும் தொண்டையும் அடைக்கும். பெரியவங்க இருக்கற சபைக்கு வந்தா முதல்ல நமஸ்காரம் பண்ணியிருக்கணும், இவன் பலவந்தமா இழுத்துட்டு வந்ததுல நிலைகுலைஞ்சு அதைச் செய்ய விட்டுப்போச்சு, இப்ப பண்ணிக்கறேன், அது என் தப்புன்னு எடுத்துக்காதீங்கங்கறா. தலை கலைஞ்சு தரையில கிடக்கற ஒருத்தி அந்த நிலைமையில மரியாதை தவறலன்னு காட்டறா. மரியாதை தவறினது யாருன்னு சபைக்குச் சொல்லாமச் சொல்லியாச்சு.

பீஷ்மர் என்ன சொன்னாரு? தருமம் நுட்பமானதும்மா, உன் கேள்விக்குச் சரியா பதில் சொல்ல என்னால முடியலங்கறாரு. சொத்து இல்லாதவன் அடுத்தவன் சொத்தைப் பந்தயம் வைக்க முடியாது, ஆனா பெண்கள் புருஷன் சொல்படி இருக்கறவங்கன்னும் பாக்க வேண்டியிருக்கு, மேலும் தருமன் பூமியையே விட்டாலும் விடுவான் தருமத்தை விடமாட்டான், அவனே தோத்துட்டேன்னு சொல்லிட்டான்னு சொல்றாரு. மேல நாம பாத்த ரெண்டு பக்கத்தையும் அவரு சரியாத்தான் எடுத்து வைக்கறாரு, தீர்ப்பு மட்டும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணும் சொல்றாரு, உலகத்துல பலசாலி எதைத் தருமம்ங்கறானோ அதுதான் தருமம்னு எடுத்துக்கறாங்கன்னு. அந்தச் சபையில யாரும் அவ்ளோ உண்மையைப் பேசல. ஆனா உண்மையைச் சொல்லிட்டு அவரு எழுந்து நிக்கல, உக்காந்தே இருந்தாரு. பாரதியார் பாஞ்சாலி சபதத்துல இந்த இடத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு, சாத்திரம் பேசற பீஷ்மருக்கு எதிரா பாஞ்சாலி வாயில "பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்"னு வச்சாரு. 1912-ல முதல் பாகம் வந்த நூல், இன்னிக்கும் அந்த வரி சுடும்.

கேள்வி வந்தப்புறம் சபையில முதல்ல ஒருத்தன் தெளிவா பதில் சொன்னான், அதுவும் கௌரவன், துரியோதனனோட தம்பி விகர்ணன். வேட்டை, குடி, சூது, பெண்மோகம் இந்த நாலுல மூழ்கினவன் செய்யறதைச் செஞ்சதா எடுத்துக்க முடியாது, இவ அஞ்சு பேருக்கும் மனைவி, ஒருத்தர் மட்டும் எப்படி வைக்கலாம், தன்னைத் தோத்ததுக்கு அப்புறம் வச்சது, போதாததுக்கு சகுனிதான் எடுத்துக் குடுத்தான், அதனால இவ ஜெயிக்கப்படலன்னு புட்டுப் புட்டு வைக்கறான். சபையே ஆரவாரம் பண்ணுது. கர்ணனுக்குக் கோவம் வந்து, நீ சின்னப் பையன், பெரியவங்க மாதிரி பேசறியான்னு அடக்கிட்டு, மொத்த சொத்தையும் வச்சப்பவே இவளும் அதுக்குள்ள அடக்கம்தானேன்னு ஒரு வாதம் வைக்கறான். வாதம்னு பாத்தா அது பரவாயில்ல. அதுக்கப்புறம் அஞ்சு புருஷன் உள்ளவன்னு அவளை இழிவாப் பேசி, இவங்க எல்லாரோட துணியையும் உருவுங்கன்னு சொல்றதும் கர்ணன்தான். கர்ணன் ரசிகர்கள் என்மேல கோவிச்சுக்கக் கூடாது, அங்க அப்படித்தான் இருக்கு.

அப்புறம்தான் புடவை. இங்க ஒரு விஷயம். பூனாவுல பண்டார்கர் நிறுவனத்துல 1919-ல ஆரம்பிச்சு 1966 வரைக்கும் நூத்துக்கணக்கான ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதியெல்லாம் ஒப்பிட்டு மகாபாரதத்துக்கு ஒரு பதிப்பு கொண்டு வந்தாங்க. அதுல இந்தக் காட்சியில கண்ணனை அவ கூப்பிடற பகுதி மூலத்துல இல்ல, பிற்சேர்க்கைக்குப் போயிடுச்சு. துணி வந்துக்கிட்டே இருக்கு, யாரு குடுத்தான்னு சொல்லல. அதனால கண்ணன் கதை மொத்தமும் பொய்னு குதிச்சுடாதீங்க, அதே பதிப்புல பின்னாடி உத்யோக பர்வத்துல கண்ணனே, தூரத்துல இருந்த என்னை கோவிந்தான்னு கூப்பிட்டா, அந்தக் கடன் என் மனசுல ஏறிக்கிட்டே இருக்குன்னு சொல்றாரு. அதே மாதிரி 'குருடன் மகன் குருடன்'னு அவ துரியோதனனைச் சொன்னதா எல்லாரும் சொல்வாங்க இல்ல, அது சம்ஸ்கிருத மூலத்துல கிடையாது. அவ சிரிச்சான்னு துரியோதனன் அப்பாகிட்ட புகார் சொல்றான், அவ்ளோதான். அவ வாயாலதான் எல்லாம் வந்துச்சுன்னு சொல்றதுக்கு நமக்கு அந்த வசனம் வசதியா இருக்கு, அதான் விடமாட்டேங்கறோம்.

நம்ம ஊர்ல இந்தக் கதை புத்தகத்துல மட்டும் இல்ல. செஞ்சிப் பக்கம், வட மாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. துகிலுரிதல் நடக்கற ராத்திரி நான் ஒரு தடவை உக்காந்து பாத்தேன். துச்சாதனன் வேஷம் கட்டினவரு புடவையில கைய வைக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, அம்மா தாயே இது ஆட்டம், மன்னிச்சுக்கன்னு கும்பிட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாரு. முன்வரிசையில இருந்த பாட்டிங்க எழுந்து நின்னுட்டாங்க. கடைசி நாள் மண்ணுல பெருசா துரியோதனனைப் படுக்க வச்சு படுகளம்னு போர்க்களக் காட்சி பண்ணி, அவிழ்ந்த கூந்தலை அம்மன் அங்கதான் முடிவா. ரத்தம் பூசி முடிப்பேன்ங்கற அந்தச் சபதம் பூனா பதிப்புல இல்ல, நம்ம ஜனங்களுக்கு அது இல்லாம மனசு ஆறல போல.

சரி, கேள்வி என்னாச்சு? துரியோதனன் ஒரு தந்திரம் பண்றான். அவ புருஷங்களே சொல்லட்டும், தருமர் உனக்கு எசமான் இல்லன்னு இந்தத் தம்பிகள் சபையில சொல்லிட்டா விட்டுடறேன்ங்கறான். அண்ணனைப் பொய்யன்னு சொன்னாத்தான் பொண்டாட்டி தப்பிப்பா, பாத்தீங்களா கிடுக்கிப்பிடி. பீமன் கொதிக்கறான். கடைசியா அர்ஜுனன் வாயைத் திறந்து, எங்களை வச்சு ஆடினப்ப அவரு எங்களுக்கு எசமான்தான், ஆனா தன்னையே தோத்தவரு யாருக்கு எசமான், குருவம்சத்து ஆளுங்களே நீங்களே யோசிச்சுக்கோங்கங்கறான். அண்ணனையும் விட்டுக்குடுக்கல, அவ கேள்வியையே பதிலா திருப்பி வச்சுட்டான். அந்த நிமிஷம் திருதராஷ்டிரரோட யாகசாலையில நரி ஊளையிடுது, கழுதை கத்துது, காந்தாரியும் விதுரரும் பதறிப்போய் கிழவருகிட்ட சொல்றாங்க, கிழவருக்குப் பயம் வந்துடுது.

பயந்து வரம் கேளும்மாங்கறாரு. முதல் வரம், தருமர் அடிமை இல்லன்னு ஆகணும், என் மகன் பிரதிவிந்தியனை அடிமையோட மகன்னு யாரும் சொல்லக்கூடாது. ரெண்டாவது, மத்த நாலு பேரும் தேரோட வில்லோட விடுதலை ஆகணும். மூணாவதும் கேளுன்னா வேண்டாம்ங்கறா, க்ஷத்திரியப் பொண்ணுக்கு ரெண்டு வரம்தான் முறை, பேராசை தருமத்தைக் கெடுக்கும்ங்கறா. நாட்டைக் கேட்டிருக்கலாம், கேக்கல. தனக்குன்னு விடுதலையும் கேக்கல பாருங்க. கேட்டா தான் அடிமையா இருந்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு நினைச்சாளோ என்னவோ, அப்படித்தான் எனக்குப் படுது. வெள்ளத்துல முங்கினவங்களுக்கு இவ ஓடம் ஆனான்னு கர்ணனே சொல்றான்.

ஆனா தீர்ப்பு வரவே இல்ல. நரி ஊளையிட்டதால வரம் வந்துச்சு, கேள்விக்குப் பதில் வரல. மறுபடி ஒரு ஆட்டம், அதுலயும் தோத்து 12 வருஷம் காடு, 13-வது வருஷம் யாருக்கும் தெரியாம மறைஞ்சு வாழணும். அந்த 13-வது வருஷம் விராட ராஜா அரண்மனையில அவ சைரந்திரியா, ராணிக்கு அலங்காரம் பண்றவளா இருக்கா. தருமர் கங்கன்னு பேரை மாத்திக்கிட்டு ராஜாவுக்குச் சூதாட்டத் துணையா இருக்காரு, வேற வேலையா கிடைக்கல அவருக்கு. ராணியோட தம்பி கீசகன் அவளைத் தொந்தரவு பண்றான், அவ தப்பிச்சு சபைக்குள்ள ஓடி வர்றா, அங்க ராஜா முன்னாடியே, தருமர் முன்னாடியே முடியைப் பிடிச்சுக் கீழ தள்ளி உதைக்கறான். மறுபடி ஒரு சபை, மறுபடி முடி, மறுபடி அவ நியாயம் கேக்கறா. கங்கர், வேஷம் கலைஞ்சுடக்கூடாதேன்னு, உள்ள போ, கூத்தாடி மாதிரி அழுது ஆட்டத்தைக் கெடுக்காதேங்கறாரு.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போறா, மூத்தவரு சூதாடியா இருந்தா யாரு வேணா அடிக்கலாம்தான்னு.